கோமளத்தின் வழக்கு

ஒரு நூலைப் பரிந்துரைக்கும்போது ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசக்கூடாது என்பது அர்த்தனாரியின் விதி. கதையைச் சொல்லிவிட்டால் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. மிகையாகப் புகழ்ந்துவிட்டால் படித்தபின் ஏமாற்றமே மிஞ்சும். எனவே அவர் நூலை இரு கைகளாலும் எடுத்து நீட்டுவார். ஒரு வாக்கியம் சொல்வார். பிறகு வாயை மூடிக்கொள்வார். மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்துப் பத்தியம் சொல்லும் வைத்தியரைப் போல இருக்கிறது என்று நெல்லிவளவில் சிரித்தார்கள். அந்த ஒப்புமையில் அவருக்கு வருத்தமில்லை.

மலையூர்களின் தொகுதியான வாழவந்தி நாட்டுக்கு அப்போது சாலை வரவில்லை. சேலத்திலிருந்து அனுப்பப்படும் நூற்கட்டுகள் காரவள்ளியில் இறங்கும். அங்கிருந்து ஆள் தலையில் ஏறிக் காட்டுவழியே மலைமேல் வரும். நெல்லிவளவுப் பள்ளியை ஒட்டிய ஓர் ஓட்டறையே நூல் நிலையம். அர்த்தனாரி திருச்செங்கோட்டுக்காரர், சென்னையில் நூலகப் பயிற்சி பெற்றவர், மணமாகாதவர். மழையில் கட்டு நனைந்து வந்தால் அன்று அவர் உண்பதில்லை. ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்புச் சூட்டில் உலர்த்துவார்.

வந்த நூல்களில் பெரும்பாலானவை 'இளைஞர்க்கு' என்று முகப்பில் அச்சிடப்பட்டவை. பள்ளியின் மேல்வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலையில் அந்த வயதினர் ஆடு மேய்த்தார்கள், தினை விதைத்தார்கள், சிலர் பிள்ளையும் பெற்றிருந்தார்கள். நூல்கள் அலமாரியில் கிடந்து பூச்சி பிடிப்பதைப் பொறுக்காத அர்த்தனாரி, அவற்றை எழுத்துக்கூட்டத் தெரிந்த பெரியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். வனக்காவலர் ஒருவரிடம் கடற்பயணக் கதை ஒன்றை நீட்டி, "இதில் வருகிற பையனுக்கும் உங்களைப் போலத் தனியாக இருப்பதுதான் வேலை" என்றார். காவலர் அதைத் திருப்பித் தந்தபோது முகத்தை நிமிர்த்தவில்லை. "இந்த மாதிரி இன்னொண்ணு இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று அர்த்தனாரிக்கு ஒரு கொள்கை உறுதிப்பட்டது: இளைஞருக்கென்று எழுதப்பட்ட நல்ல நூல், வளர்ந்தவரிடம்தான் முழுவதுமாக வேலை செய்யும்.

அந்த அலமாரியில் ஒன்று விடாமல் படித்தவள் ஊரில் ஒருத்திதான். கருப்பண்ணன் மகள் அத்தாயி. பதினேழு வயது, எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாள். சேலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனி மாதம் போய்ச் சேர வேண்டும். போகலாம் என்று அவள் தந்தை சொல்லவில்லை; போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. "பாக்கலாம் கண்ணு" என்றார்.

நெல்லிவளவில் 'பார்க்கலாம்' என்பது மறுப்பன்று. மந்தையில், அதாவது ஊர்ப் பொதுவிடத்துப் பலாமரத்தடியில், எடுத்துச் சொல்லப்படாத எதைப் பற்றியும் ஊர் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்காததை ஊர் தடுப்பதுமில்லை. பட்டாளத்துக்குப் போனவனும் காப்பித் தோட்டத்துக்குப் போனவனும் அப்படித்தான் போனார்கள். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு அப்பன்மார் "வருவான்" என்றார்கள். கேட்டவர்களும் அத்தோடு விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். அத்தாயியும் அவ்வாறே போகவிருந்தாள். அவளுக்கு மாதன் என்றொரு தாய்மாமன் இருந்தார், மாதனுக்குச் செல்லமுத்து என்றொரு மகன் இருந்தான், முறையும் இருந்தது. ஆனால் மாதன் வாய்திறந்து பெண் கேட்கவில்லை. கேட்டு இல்லையென்று ஆகிவிட்டால் உடன்பிறந்தாள் வீட்டு வாசலை மிதிக்க முடியாதே என்று அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் அத்தாயி மலையிறங்குவதற்கு இருந்த பாதை.

இதை அர்த்தனாரியால் பொறுக்க முடியவில்லை. படிக்கப் போகும் பெண்ணை ஊர் அறிந்து, உணர்ந்து, மனமுவந்து அனுப்ப வேண்டும். சந்தடியின்றி நழுவிப் போவது கல்விக்கே இழுக்கு என்று கருதினார். ஊரை உணரவைப்பதற்கு உரிய நூலும் அவரிடம் இருந்தது.

'கோமளத்தின் பயணம்' என்பது அதன் பெயர். இளைஞர்க்கு என்று முகப்பில் இருந்தது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் கோமளம் என்ற பெண், மாமன் மகன் காத்திருக்க, ஆசிரியப் பயிற்சிக்குப் பட்டணம் போகிறாள்; தந்தை அரைமனத்தோடு அனுப்புகிறார்; அவள் இல்லாத காலத்தில் நோயுற்று இறந்துபோகிறார்; அவள் திரும்பி வந்து அவர் பெயரால் ஒரு பள்ளி திறக்கிறாள். அர்த்தனாரி அந்நூலை மதித்ததற்குக் காரணம் வேறு. நூலாசிரியர் நேர்மையானவர். மாமன் மகனைக் குடிகாரனாகவோ முரடனாகவோ படைத்துத் தம் வேலையை எளிதாக்கிக்கொள்ளவில்லை. அவன் நல்லவன். அவனை மறுத்துப் போவதற்குக் கோமளத்துக்குப் படிக்கும் ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரு விருப்பம் தன்னளவிலேயே போதுமான காரணம் ஆகும் என்று இளைஞர்க்குச் சொல்லத் துணிந்த நூல், தமிழில் தாம் கண்டவரை, இது ஒன்றே என்று அவர் எண்ணினார்.

சித்திரையில் காடு காய்ந்து கிடக்கும். முதல் மழை விழும்வரை ஆண்களுக்கு வேலை குறைவு. பிற்பகல் தோறும் மந்தையில் கூடுவார்கள். அங்கே இந்நூலை அத்தாயியே உரக்கப் படிக்க வேண்டும் என்பது அர்த்தனாரியின் ஏற்பாடு. ஊர்க்கவுண்டர் சின்னையனிடம் நூலை நீட்டி, "பெண்ணைப் பெற்றவர்கள் கேட்க வேண்டிய கதை" என்று ஒரே வாக்கியம் சொல்லி இசைவு பெற்றுவிட்டார். அதன் பிறகே அத்தாயியிடம் சொன்னார்.

அவள் மகிழவில்லை.

"மந்தையில வேண்டாமுங்க. பள்ளிக்கூடத்துல வேணும்னா படிக்கறனுங்க."

"பள்ளிக்கூடத்துக்குச் சின்னையன் வருவாரா அம்மிணி?"

"வரமாட்டாருங்க. அதுக்குத்தானுங்க சொல்றேன்."

"கூச்சப்பட்டால் நாளைக்கு வகுப்பில் எப்படி நின்று பாடம் சொல்வாய்?"

"கூச்சமில்லீங்க. மந்தையில பேசினா பேசினதுதானுங்க. அப்புறம் அள்ள முடியாது." அவள் அலமாரியைப் பார்த்தாள். "அந்தக் கடல் கதையப் படிக்கட்டுங்களா? கப்பல் முழுகினா இங்க ஆருக்கும் நோவாதுங்க."

அர்த்தனாரி சிரித்தார். பொழுதுபோக்குக்காகத் தாம் இதை ஏற்பாடு செய்யவில்லை என்றார். அவள் நூலை வாங்கி, கடைசிக்கு முந்திய இயலைத் தேடியெடுத்து விரலை வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா இதை மட்டும் உட்டுட்டுப் படிக்கட்டுங்களா? அப்பன் சாகறத."

"ஏன்?"

"எங்கய்யன் கேப்பாருங்க."

"உன் அப்பன் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இயலே இருக்கிறது. அந்தத் துயரத்தைக் கடந்தும் அவள் சரியானதைத்தான் செய்தாள் என்று காட்டுகிறார். அதை விட்டால் கதைக்கு முதுகெலும்பு இல்லை."

"முதுகெலும்பு ஆருக்குங்க தெரியப்போவுது? நான் தாண்டிப் போயிருவனுங்க. ஏடு ரெண்டு ஒட்டிக்கிட்டுதுன்னு நெனச்சுக்கலாம்."

இப்போது அர்த்தனாரி சிரிக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தம் வசதிக்காகக் குறைப்பது நூலைக் கிழிப்பதற்கு ஒப்பாகும் என்றார். ஓரெழுத்தும் விடாமல் படிப்பதாக வாக்குக் கொடுத்தாலன்றி நூலைத் தருவதற்கில்லை என்றார். சேலத்தில் சேர்வதற்கான சான்றிதழில் நூல் நிலையப் பொறுப்பாளர் என்ற முறையில் கையொப்பமிட்டவர் அவர். அந்த நன்றி அவளுக்கு இருந்தது. வாக்குக் கொடுத்தாள்.

படிப்பு சில பிற்பகல்கள் நடந்தது. அர்த்தனாரி அதற்குமுன் அத்தகைய வாசகர்களைக் கண்டதில்லை. அவர்கள் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. தவறவிட்டால் நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னார்கள்.

"அந்தக் கோமளம் ஊட்டுல எத்தன ஏர் உழவு கண்ணு?" என்று கேட்டார் சின்னையன்.

"சொல்லலீங்க."

"சொல்லாம எப்படிப் பொண்ணு கேக்கறது? எழுதினவன் வெவசாயம் தெரியாதவன்."

"ஏர் எத்தனையா இருந்தா உனக்கென்ன கவுண்டா? நீயா கட்டிக்கப்போற?" என்றாள் குப்பாயி. மந்தையின் ஓரத்தில் கிழங்கு சீவிக்கொண்டே கதை கேட்பவள் அவள். கத்தியைவிட நாக்குக் கூர்மை. "நீ படி கண்ணு. அந்த மாமன் மவன் வந்து நின்னானே, அவன உக்காரச் சொன்னாங்களா இல்லையா?"

"உக்காரச் சொன்னாங்க ஆயா. மோர் குடுத்தாங்க."

"பரவால்ல. மானமுள்ள குடும்பந்தான்."

தந்தை இறக்கும் இயல் வந்தபோது மந்தையில் யாரும் அசையவில்லை. அத்தாயி ஓரெழுத்தும் விடவில்லை. குரல் ஓரிடத்தில் தடுமாறியது. நின்று, அவ்வரியை மீண்டும் தொடக்கத்திலிருந்து படித்தாள். கருப்பண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குப்பாயி வாய்விட்டு அழுதாள். மகள் இல்லாததால் வாக்கரிசியை மாமன் மகன் போட்டான் என்ற வரிக்கு மாதனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலாமரத்தில் சாய்ந்து நின்ற அர்த்தனாரி, வனக்காவலரை நினைத்துக்கொண்டார். கொள்கை பொய்க்கவில்லை.

மறுநாள் கடைசி இயல். பள்ளி திறக்கப்பட்டது, மணி ஒலித்தது, நூல் முடிந்தது. தமக்குரிய ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக அர்த்தனாரி முன்னே வந்தார். சின்னையன் கையை உயர்த்தினார்.

"உக்காருங்க பொஸ்தகக்காரரே. இன்னும் முடியல."

"முடிந்துவிட்டதே."

"படிச்சு முடிஞ்சுதுங்க. ஞாயம் சொல்லலீங்களே."

அர்த்தனாரி புன்னகை செய்தார். "கவுண்டரே, இது கதை. கோமளம் என்று ஒருத்தி இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழுதியது."

"தெரியுமுங்க. நாங்க என்ன பால்குடிப் புள்ளைங்களா?" சின்னையன் கோபப்படவில்லை. "கதையோ நெசமோ, மந்தையில ஒரு வழக்க முழுசாச் சொல்லியாச்சு. பொண்ணு பக்கம் கேட்டோம். மாமன் பக்கம் கேட்டோம். கேட்டுப்போட்டு ஞாயம் சொல்லாம எந்திரிச்சா ஊருக்கு ஆவாதுங்க. கேக்காம இருந்தா இருந்துக்கலாம். கேட்டா சொல்லித்தான் ஆவோணும்."

ஊரின் வழக்கத்தில் பாதியைத்தான் அர்த்தனாரி அதுவரை அறிந்திருந்தார். மறுபாதி அவருக்கு அச்சமூட்டவில்லை; மாறாக நெகிழவைத்தது. எந்த நகரத்து வாசகன் ஒரு நூலுக்கு இவ்வளவு மரியாதை செய்திருக்கிறான்? அவர் உட்கார்ந்தார். அத்தாயி மட்டும் நின்றாள். வழக்கை எடுத்துரைத்தவர் நின்றுகொண்டே கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

"அந்தப் பையன் குடிப்பானா கண்ணு?" என்று தொடங்கினார் சின்னையன்.

"இல்லீங்க."

"கைநீட்டுவானா?"

"இல்லீங்க."

"வேற பொம்பளை சாவகாசம்?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லவனுங்க."

"மாமன்காரன் சொத்துக்கு ஆசப்பட்டானா?"

"இல்லீங்க."

"அப்ப எதுக்குப் போனா?"

அத்தாயி நூலை மார்போடு பிடித்திருந்தாள். "படிக்கோணும்னு போனாளுங்க."

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தானுங்க."

சின்னையன் மற்றவர்களைப் பார்த்தார். கருப்பண்ணன் மெல்லச் சொன்னார்: "புள்ள நல்லாத்தானுங்க படிச்சா. திரும்பி வந்து பள்ளிக்கூடமும் கட்டுனா."

"கட்டுனா சரி," என்றாள் குப்பாயி. "செத்தவன் வந்து அதுல ஆனா ஆவன்னா படிப்பானா? தண்ணி தண்ணின்னு கேட்டானே, அதுக்கு ஆரு இருந்தா?"

அர்த்தனாரி குறுக்கிட்டார். "தந்தை இறந்ததற்குக் கோமளம் காரணமில்லையே. நோயில் இறந்தார். அவள் செய்தது சரிதான் என்றுதான் நூலாசிரியரே சொல்கிறார்."

"அவரு சொல்லட்டுங்க. வழக்கச் சொன்னவரு அவரு. ஞாயம் சொல்றது நாங்க." சின்னையன் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். "முறைக்காரன் இருக்கறப்ப, அவன் மேல குத்தமும் இல்லாதப்ப, பொண்ணு ஊர் தாண்டிப் போவக்கூடாது. போவ உட்ட அப்பன் மேலதான் குத்தம். அவன் செத்துட்டதால தண்டம் இல்ல. இது இந்த மந்தையில சொன்ன ஞாயம்."

"ஆமாங்க," என்றது மந்தை. கோமளத்துக்காக அழுதவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கருப்பண்ணனும் சொன்னார், சொல்லாமல் இருக்க முடியாது.

அத்தாயி நூலை அர்த்தனாரியிடம் கொடுத்துவிட்டு, கிழங்குத் தோல்களைக் கூடையில் அள்ளக் குப்பாயிக்கு உதவி செய்யப் போனாள். அவர் அன்று மாலை முழுவதும் நிறைவாக இருந்தார். தீர்ப்பு தவறு, ஆனால் தவறான தீர்ப்பும் ஒரு வாசிப்பே என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை மாதன் வெற்றிலை பாக்கோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். கூச்சம் இனித் தேவைப்படவில்லை. இல்லையென்று சொல்லும் உரிமை அவ்வீட்டாருக்கு இல்லாது போயிருந்தது. அவர் ஆணவத்தோடு வரவில்லை. "ஞாயம்னு ஆயிட்டுது மச்சான், நான் கேக்காம இருந்தா எம்பையன் மேல ஏதோ குத்தம்னு ஊர் நெனைக்கும்" என்று வருத்தத்தோடுதான் சொன்னார். கருப்பண்ணன் வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

செய்தி தெரிந்ததும் அர்த்தனாரி சின்னையனைத் தேடிக் காட்டுக்கே போனார். சின்னையன் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்து நாரால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தீர்ப்பு கோமளத்துக்குச் சொன்னது," என்றார் அர்த்தனாரி.

"ஆமாங்க."

"அத்தாயிக்குச் சொன்னதில்லை."

"இல்லீங்க."

"பிறகு அவளை ஏன் தடுக்கிறீர்கள்?"

சின்னையன் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத் திரும்பினார். "கோமளத்துக்கு ஒரு ஞாயம், கருப்பண்ணன் மவளுக்கு ஒரு ஞாயமுங்களா? அந்தப் புள்ள ஆருன்னே எங்களுக்குத் தெரியாது. அவளுக்கே இதான் ஞாயம்னு சொல்லிப்போட்டு, நம்மூட்டுப் புள்ளைன்னதும் மாத்திப் பேசினா நாளைக்கு எவன் மந்தைக்கு வருவான்? நீங்களே சிரிப்பீங்க."

"அவள் பேசாமல் போயிருந்தால்?"

"போயிருப்பா. எங்களுக்கு எல்லாம் தெரியுமுங்க பொஸ்தகக்காரரே. சேலத்துல எடம் கெடச்சதும் தெரியும். ஆனியில போறதும் தெரியும். போவட்டும்னுதான் ஆரும் வாயத் தொறக்கல. மாதனக் கூட நான்தான் ரெண்டு தரம் அடக்கி வெச்சேன்." அவர் அடுத்த கொடியைக் கையில் எடுத்தார். "நீங்கதானுங்க வந்து, பொண்ணப் பெத்தவங்க கேக்கோணும்னு சொன்னீங்க. கேட்டோம்."

அந்த வாக்கியத்தை அர்த்தனாரி வெகு கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்.

ஆனி பிறந்தது. சேலத்தில் அத்தாயியின் இடத்துக்கு வேறொருத்தி சேர்ந்தாள். அத்தாயியின் மணம் நடந்தது. அர்த்தனாரி போனார், பந்தியில் உண்டார். மணப்பெண் அவரை மரியாதையோடு வணங்கினாள். அதன்பின் அவள் நூல் நிலையத்துக்கு வரவில்லை. வராதது குறித்து யாரும் கேட்கவில்லை; நெல்லிவளவில் அது வழக்கமில்லை.

'கோமளத்தின் பயணம்' மட்டும் அலமாரியில் தங்கவில்லை. கோமளத்தின் வழக்கு என்ற பெயரில் அதன் புகழ் நாடு கடந்து பரவியது. அதுவரை நூல் நிலையம் இருக்கும் திசையையே பாராத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, அந்தத் தீர்ப்பு இருக்கிற பொஸ்தகம் வேண்டும் என்றார்கள். தீர்ப்பு நூலில் இல்லை என்று அர்த்தனாரி விளக்கினார். பரவாயில்லை, வழக்கு இருந்தால் போதும் என்றார்கள். மலையில் இவ்வளவு பேர் கேட்கிற நூல் என்று அறிந்து சேலத்து மேலதிகாரி மகிழ்ந்தார்; இன்னும் இரண்டு படிகளை அனுப்பிவைத்தார். அர்த்தனாரியின் பரிந்துரைகளில் இதைப் போல வெற்றி பெற்றது வேறொன்றில்லை.

மறு சித்திரையில் குண்டூர் நாட்டிலிருந்து சின்னுசாமி என்பவர் ஆள் அனுப்பினார். அவர் தங்கை மகள் ராமாயியும் எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாள். தாதிப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டாள். அவருக்கும் மணமாகாத மகன் ஒருவன் இருந்தான். நெல்லிவளவு மந்தையின் நியாயம் குண்டூர் நாட்டில் செல்லாது. எனவே வழக்கு அவர்கள் மந்தையிலும் எடுத்துரைக்கப்பட வேண்டும். பிழையில்லாமல் படிக்கத் தெரிந்த ஆளாகிய அத்தாயியையும், நூல் இதுதான் என்று சான்று சொல்ல அர்த்தனாரியையும் அழைத்திருந்தார்.

செல்லமுத்து மனைவியை அழைத்துக்கொண்டு பெருமையோடு வந்தான். நல்ல பையன், யாரிடமும் குறை சொல்ல இடம் வைக்காதவன். "எங்கூட்டுக்காரி படிச்சா ஏர்மாடு கூட நின்னு கேக்குமுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அர்த்தனாரி நூலைக் கொடுத்தபோது அத்தாயி வாங்கிக்கொண்டாள். இம்முறை அவர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை.

அங்கும் அதே மௌனம், அதே கேள்விகள், மோர் கொடுத்தார்களா என்று அங்கும் ஒருத்தி கேட்டாள். பெண்கள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ராமாயி என்று யாரும் சொல்லாமலே அர்த்தனாரிக்குத் தெரிந்தது. படிப்பு அங்கும் சில பிற்பகல்கள் நடந்தது. கோமளம் பயிற்சியை முடித்தாள். இனித் தந்தை நோயுற்ற செய்தி வர வேண்டும்.

அத்தாயி ஏட்டைப் புரட்டினாள். பல ஏடுகளைச் சேர்த்துச் சற்றுத் தடிப்பாகவே புரட்டினாள். குரல் ஒரே சீராக இருந்தது. கோமளம் ஊர் திரும்பினாள், பள்ளி திறக்கப்பட்டது. 'தந்தையின் பெயரால்' என்று நூலில் இருந்த இடத்தில் அவள் 'தந்தையின் முன்னிலையில்' என்று படித்தாள். வாசலில் நின்ற தந்தை மணியைத் தாமே அடித்தார் என்று, நூலில் எங்கும் இல்லாத ஒரு வரியையும் படித்தாள். நூலாசிரியர் எழுதிய வரிகளைவிட அது மோசமாக இல்லை.

நூலை மூடினாள்.

சின்னுசாமி எழுந்தார். "இது எப்படி? அப்பன்காரன் சாவறான்னு சொன்னாங்களே. வாழவந்தி நாடே அழுததுன்னாங்க."

"சொல்றவங்க ஆயிரஞ் சொல்லுவாங்க," என்றாள் அத்தாயி. "பொஸ்தகத்துல இருக்கறதத்தானுங்க படிச்சேன்."

"தாண்டிப்போட்டியா கண்ணு?"

"நீங்க வேணும்னா பாத்துக்கங்க." அவள் நூலை நீட்டினாள். சின்னுசாமிக்கு எழுத்துத் தெரியாது. ராமாயியைத் தவிர அங்கிருந்த எவருக்கும் அவ்வளவு தெரியாது; வழக்கே அவளைப் பற்றியது என்பதால் அவளைக் கேட்பார் இல்லை. செல்லமுத்து மட்டும் வாயைத் திறந்தான், மனைவி அவனைப் பார்த்தாள், மூடிக்கொண்டான்.

அந்த ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியின் பக்கம் திரும்பினார். "பொஸ்தகக்காரரே, அதுக்குத்தானுங்க உங்களக் கூப்பிட்டது. முழுசும் படிச்சாச்சா?"

அர்த்தனாரி எழுந்து நின்றார். ஓர் இயல் முழுவதும் விடுபட்டிருந்தது. ஒரு சொற்றொடர் மாற்றப்பட்டிருந்தது. ஒரு வரி புதிதாக நுழைந்திருந்தது. மூன்றும் அவர் நெஞ்சில் முள்ளாக நின்றன.

"அவள் படித்ததுதான் கதை," என்றார்.

அந்த மந்தை சற்று நேரம் தன்னுள் பேசியது. பிறகு தீர்ப்புச் சொன்னது. பெண் போனாள், வந்தாள், அப்பன் உயிரோடு இருக்கிறான், மணியும் அடித்தான், யாருக்கும் நட்டமில்லை, மாமன் மகனுக்கு வேறு பெண் பார்க்கட்டும். "ஆமாங்க" என்றார்கள். ராமாயி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. செல்லமுத்து விடைபெற்றுக்கொண்டு முன்னே நடந்தான்; இருட்டுமுன் ஊர் சேர வேண்டும். அத்தாயி அர்த்தனாரியிடம் வந்து நூலை இரு கைகளாலும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். மன்னிப்பை எதிர்பார்த்தாரா, நன்றியை எதிர்பார்த்தாரா என்று கேட்டால் அவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"அன்னைக்கும் உங்களுக்கு இந்த ஒரு வார்த்ததானுங்க செலவாயிருக்கும்," என்றாள்.

கணவன் போன வழியில் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அர்த்தனாரி நின்ற இடத்திலேயே, வழக்கப்படி, ஏடுகளை முதலிலிருந்து புரட்டிச் சரிபார்த்தார். ஓர் ஏடும் கிழியவில்லை. ஓர் ஓரமும் மடங்கவில்லை. நூல் குறைவின்றித் திரும்பி வந்திருந்தது.